மருந்து பூசப் பூசக் கடி கூடினால்…



பதிவு கொஞ்சம் நீளம். ஆறுதலாக இருக்கும் நேரம் வாசியுங்கோ. வீட்டில் யாருக்காவது கையில், கழுத்தில், காலில் ஆறாத கடியும் சொறியும் இருந்தால் கட்டாயம் கடைசி வரைக்கும் வாசியுங்கோ.

உம்மாவின் கை எப்படி ஆறியது என்று பலர் கேட்கிறீர்கள். பாடசாலையில் கேட்கிறார்கள், சங்கானைச் சந்தையில் கேட்கிறார்கள், பள்ளிவாசலில் வாப்பாவிடமும் கேட்கிறார்களாம். "என்ன மருந்து பூசினீங்கள்? பெயரை எழுதித் தாங்கோ" என்றுதான் எல்லோரும் கேட்பது. அதற்கு எங்களிடம் உள்ள பதில் கொஞ்சம் வித்தியாசமானது. உம்மாவின் கை ஒரு மருந்தைப் பூசியதால் ஆறவில்லை. ஒரு பொருளை நிறுத்தியதால் ஆறியது. அந்தப் பொருள் மருந்துக்குள்ளேயே இருந்தது. அதன் பெயர் புரொப்பிலீன் கிளைகோல்.

இதை விளங்கப்படுத்தத்தான் இந்தப் பதிவு. நாங்கள் டொக்டர் இல்லை. கலாசாலையில் பயிற்சி பெற்று, பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் படிப்பிக்கிற ஆட்கள். உம்மாவைப் பார்த்த தோல் நோய் நிபுணர் எங்களுக்குச் சொன்னதையும், அதற்குப் பிறகு நாங்கள் தேடிப் படித்து உறுதி செய்துகொண்டதையும் மட்டும் எழுதுகிறோம்.

முதலில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறோம்.

புத்தளத்திலிருந்து வந்து வட்டுக்கோட்டையில் வாடகைக்கு இருக்கத் தொடங்கிய நாளிலிருந்து உம்மா இடியப்பம் அவித்துக் கொடுத்து வந்தா. விடிய நாலு மணிக்கு எழும்பி மாக் குழைப்பா. சம்பலும் சொதியும் சேர்த்து அக்கம்பக்கத்து வீடுகளுக்கும், சந்தியில் ஒரு தேத்தண்ணிக் கடைக்கும் போகும். கொதிதண்ணி, மா, தேங்காய்ப்பால், தேசிக்காய், உள்ளி, பாத்திரம் கழுவுகிற சவர்க்காரம் எல்லாம் அந்தக் கையில்தான். அதோடு ஐந்து வேளை வுழூ. வாடைக்காற்று அடிக்கிற மார்கழி, தை மாதங்களில் விரல் மடிப்புகள் காய்ந்து வெடிக்கத் தொடங்கின. அது முதல் வருடம்.

ஒரு கிறீம் வாங்கினோம். இரண்டு நாள் குறைந்தது, பிறகு கூடியது. இன்னொரு கிறீம் எழுதித் தந்தார்கள். அதுவும் அப்படித்தான். "ஈரத்தன்மை வேண்டும்" என்று சொல்லி கற்றாழை ஜெல் ஒன்று வாங்கினோம். பூசியவுடன் எரிந்தது. அடுத்த வருடம் மணிக்கட்டு வரைக்கும் ஏறியது. சிவந்து, தடித்து, நீர்க்கொப்புளம் போட்டு, பிறகு மீன் செதிள் மாதிரி உரிந்தது. இரவில் நித்திரை இல்லை. வுழூ செய்யத் தண்ணீர் பட்டால் கண்ணில் நீர் வரும்.

ஊரில் சொல்லாத வைத்தியம் இல்லை. கிரந்தி என்றார்கள். கத்தரிக்காய், இறால், நண்டு, அன்னாசி எல்லாவற்றையும் விடச் சொன்னார்கள். உம்மா எட்டு மாதம் இறால் தொடவில்லை. கண்ணூறு என்று ஓதிப் பார்த்தார்கள். சொன்னவர்கள் எல்லோரும் அன்பில்தான் சொன்னார்கள், அதில் எங்களுக்கு எந்த மனக்குறையும் இல்லை.

ஆனால் ஒன்று மனதில் நின்றது. இடியப்பம் எடுத்த வீடுகள் ஒவ்வொன்றாக நிறுத்தின. ஒருவரும் முகத்துக்கு நேரே சொல்லவில்லை. "இண்டைக்கு வேண்டாம் அக்கா, பிள்ளைகள் பாண் கேக்குதுகள்" என்றார்கள். அடுத்த நாளும் அதே பாண். தேத்தண்ணிக் கடைக்காரத் தம்பி மட்டும் நேர்மையாகச் சொன்னார்: "அம்மா, ஆக்கள் கையப் பாத்துக் கதைக்கினம்." உம்மா ஒன்றும் சொல்லவில்லை. அன்று மீந்த மாவைக் கோழிக்குப் போட்டா. அதற்குப் பிறகு ஒரு கலியாண வீட்டில் பலகாரம் சுடக் கூப்பிட்டார்கள். போனா. போன இடத்தில் கதிரை போட்டு இருத்தி, தேத்தண்ணி தந்து, மாவுப் பக்கம் மட்டும் விடவில்லை. வீட்டுக்கு வந்து, "கை ஆறுமட்டும் இனி ஒரு விசேஷத்துக்கும் போறதில்லை" என்று மட்டும் சொன்னா.

பிறகு கொழும்பில் ஒரு தோல் நோய் நிபுணரிடம் போக வாய்ப்புக் கிடைத்தது. அவர் முதலில் கையைப் பார்க்கவில்லை. "இவ்வளவு நாளும் பூசினது எல்லாத்தையும் கொண்டு வாங்கோ, வெறும் டியூப்பையும் எறியாதீங்கோ" என்றார். பிறகு பட்ச் டெஸ்ட் என்று ஒரு சோதனை செய்தார்.

அது எப்படி என்றால், சந்தேகத்துக்குரிய பொருட்களைச் சின்னச் சின்னக் குழிவான தட்டுகளில் வைத்து முதுகில் ஒட்டிவிடுவார்கள். 48 மணி நேரம் அப்படியே இருக்க வேண்டும், முதுகு நனையக்கூடாது. (வுழூவுக்கு இடைஞ்சல் இல்லை. முதுகு வுழூவின் உறுப்பு இல்லையே. உம்மாவின் முதல் கேள்வியே அதுதான்!) இரண்டு நாளில் கழற்றிப் பார்ப்பார்கள். அதோடு முடியாது, இன்னும் இரண்டு நாள் கழித்துத் திரும்பவும் பார்ப்பார்கள். ஏனென்றால் சில ஒவ்வாமை மெதுவாகத்தான் வெளியே வரும். மாமியின் வீட்டில் ஐந்து நாள் தங்கினோம். நாலாம் நாள் உம்மாவின் முதுகில் மற்ற இடமெல்லாம் சாதாரணமாக இருக்க, ஒரே ஒரு வட்டம் மட்டும் சிவந்து தடித்துக் கொப்புளம் போட்டிருந்தது. 30 வீத புரொப்பிலீன் கிளைகோல் வைத்த வட்டம்.

டொக்டர் எங்கள் பையைக் கொட்டினார். ஏழு டியூப், போத்தல். அதில் ஐந்தில் அது இருந்தது.

இனி விஷயத்துக்கு வருவோம்.

கிளைகோல் என்றால் என்ன?

தரம் 10, 11 பிள்ளைகளுக்குத் தெரிந்த கணக்கில் சொன்னால், அல்கஹோலில் ஒரு ஐதரொட்சில் கூட்டம் இருக்கும். கிளைகோலில் இரண்டு இருக்கும். கிளிசரினில் மூன்று. கிளைகோல் என்ற பெயர், இனிப்பு என்ற பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. இவை எல்லாம் கொழகொழவென்று, நிறமில்லாமல், தண்ணீரோடு நன்றாகக் கலக்கும். தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும்.

ஆனால் ஒரே குடும்பம் என்பதற்காக எல்லாம் ஒரே குணம் இல்லை. எதிலீன் கிளைகோல் வாகன ரேடியேற்றருக்கு ஊற்றுகிற கூலன்டில் இருக்கிறது. குடித்தால் நஞ்சு. டைஎதிலீன் கிளைகோலும் நஞ்சு. புரொப்பிலீன் கிளைகோல் அப்படியில்லை. உணவில் கூட அனுமதிக்கப்பட்டது. ஈ 1520 என்ற இலக்கத்தில் அது உணவுச் சேர்பொருள் பட்டியலில் இருக்கிறது.

கிறீம் செய்கிறவர்களுக்குப் புரொப்பிலீன் கிளைகோல் மிகவும் வசதியான பொருள். தண்ணீரில் கரையாத மருந்தைக் கரைக்கும். கிறீமைக் காயவிடாது. கிருமி வளர்வதைக் குறைக்கும். முக்கியமாக, மருந்தைத் தோலுக்குள் ஆழமாகப் போக உதவும். அதனால்தான் எக்ஸிமாவுக்கும் கடிக்கும் எழுதித் தருகிற ஸ்டீரொயிட் கிறீம்கள் பலவற்றில் அது இருக்கிறது. தலைமயிர் வளரப் பூசுகிற மினொக்ஸிடில் தண்ணீர் மருந்தில் இருக்கிறது. (அதைப் பூசி உச்சந்தலை கடிக்கிற தம்பிமார் கவனியுங்கோ: நுரை வடிவில் வருகிற மினொக்ஸிடிலில் பொதுவாக அது இல்லை.) டியோடரன்ட், ஷாம்பு, மேக்கப், பிள்ளைகளுக்குத் துடைக்கிற வெட் வைப்ஸ், கற்றாழை ஜெல், ஸ்கேன் எடுக்கும்போது வயிற்றில் பூசுகிற ஜெல் என்று பலவற்றில் பார்க்கலாம்.

பெரும்பாலானவர்களுக்கு இதனால் ஒன்றும் ஆகாது. இதை அழுத்திச் சொல்கிறோம். வீட்டில் உள்ள கிறீமை எல்லாம் தூக்கி எறியச் சொல்லி இந்தப் பதிவை எழுதவில்லை. ஆனால் ஒரு சிலருக்கு ஆகிறது. 2018ஆம் ஆண்டில் அமெரிக்கத் தொடுகைத் தோலழற்சிச் சங்கம் "இந்த ஆண்டின் ஒவ்வாமைப் பொருள்" என்று புரொப்பிலீன் கிளைகோலைத் தெரிவு செய்தது. டொக்டர்மார் இதை மறந்துவிடக்கூடாது என்பதற்காக வருடம் ஒரு பொருளை அந்தச் சங்கம் அப்படி முன்னுக்குக் கொண்டு வருகிறது. வட அமெரிக்காவில் 1996 முதல் 2006 வரை பட்ச் டெஸ்ட் செய்த 23,000க்கும் மேற்பட்ட நோயாளிகளில் 3.5 வீதமானவர்களுக்கு இது காட்டியது. அது ஊர் முழுவதிலும் 3.5 வீதம் என்று அர்த்தமில்லை. ஏற்கெனவே தோல் நோயால் சோதனைக்கு வந்தவர்களில் அவ்வளவு. அப்படிப் பார்த்தாலும் நூறு பேரில் மூன்று, நான்கு பேர் பூசுகிற பொருளாலேயே கஷ்டப்பட்டிருக்கலாம் என்பது சின்ன விஷயமில்லை.

எரிவு வேறு, ஒவ்வாமை வேறு

இது இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும்.

முதலாவது, எரிச்சல். வெடித்த தோலில் கிறீம் பட்டவுடனேயே சுள்ளென்று எரியும். கிளைகோல் தண்ணீரை இழுக்கிற பொருள், காய்ந்த, காயம்பட்ட தோலுக்கு அது உறைக்கும். அளவு கூடினால், பூசி மேலே துணி கட்டினால், இன்னும் கூடும். இது யாருக்கும் வரலாம், நிறுத்தினால் அடங்கிவிடும். புரொப்பிலீன் கிளைகோலால் வருகிற தோல் பிரச்சினையில் இதுதான் அதிகம்.

இரண்டாவது, உண்மையான ஒவ்வாமை. இது உடம்பின் ஞாபக சக்தி மாதிரி. ஒரு பொருளை எதிரி என்று உடம்பின் காவல் கலங்கள் ஒரு தரம் பதிந்து வைத்துவிட்டால், அடுத்த தரம் அது தோலில் படும்போது படையெடுக்கும். ஆனால் உடனே இல்லை. ஒரு நாள், இரண்டு நாள், சில வேளை மூன்று நாள் கழித்துத்தான் கடியும் கொப்புளமும் வரும். அதனால்தான் இதைப் பிடிப்பது கஷ்டம். திங்கட்கிழமை பூசிய கிறீம் புதன்கிழமை கடித்தால், புதன்கிழமை சாப்பிட்ட இறாலைத்தான் நாங்கள் சந்தேகப்படுவோம்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. கிறீமில் உள்ள ஸ்டீரொயிட் மருந்து அழற்சியை அடக்குகிறது. அதே கிறீமில் உள்ள கிளைகோல் அழற்சியைக் கிளப்புகிறது. அதனால் இரண்டு நாள் குறையும், பிறகு கூடும். "மருந்து வேலை செய்யுது, அளவு காணாது" என்று தோன்றும். இன்னும் கூடப் பூசுவோம். உம்மாவுக்கு நடந்தது இதுதான் என்று டொக்டர் விளங்கப்படுத்தினார். கையை முதலில் வெடிக்க வைத்தது தண்ணீரும் சவர்க்காரமும் தேசிக்காயும். அதை வருடக்கணக்கில் ஆறவிடாமல் வைத்திருந்தது கிளைகோல். தொடங்கிய காரணம் வேறு, நீடித்த காரணம் வேறு. மருந்து எழுதித் தந்தவர்களில் பிழை இல்லை. அவர்கள் எழுதிய மருந்து அந்த நோய்க்குச் சரியான மருந்துதான். அது கரைந்திருந்த பொருள்தான் உம்மாவுக்கு ஒத்துவரவில்லை.

'அல்கஹோல் இல்லை' என்ற எழுத்து

இது எங்கள் முஸ்லிம் வீடுகளுக்குக் கொஞ்சம் கூடப் பொருந்தும் என்பதால் தனியாகச் சொல்கிறோம்.

அத்தர் வாங்கினால் அல்கஹோல் இல்லாதது பார்த்து வாங்குகிறோம். பெருநாள் கேக்குக்கு வனிலா எசன்ஸ் வாங்கினாலும் அப்படித்தான். வெட் வைப்ஸும் அப்படித்தான். நல்லது. ஆனால் வாசனையை எதிலாவது கரைக்க வேண்டுமே? அல்கஹோலை எடுத்துவிட்டால் அந்த இடத்துக்குப் பெரும்பாலும் வருவது எண்ணெய், இல்லாவிட்டால் ஏதாவது ஒரு கிளைகோல். அல்கஹோல் இல்லாத எசன்ஸ்களில் புரொப்பிலீன் கிளைகோல் சாதாரணம். அத்தர்களை ஐதாக்க டைபுரொப்பிலீன் கிளைகோல் பாவிப்பதும் உலகம் முழுவதும் வழக்கம். ஆக, மற்ற வீடுகளை விட எங்கள் வீடுகளில் கிளைகோலின் புழக்கம் கொஞ்சம் கூடுதலாக இருக்க இடமுண்டு.

இதில் மார்க்கப் பிரச்சினை ஒன்றையும் நாங்கள் கிளப்பவில்லை. இரசாயனப் பாடத்தில் கிளைகோலும் அல்கஹோல் குடும்பம்தான், ஆனால் அது போதை தருகிற எதனோல் இல்லை. மிச்சம் உலமாக்கள் சொல்ல வேண்டியது. நாங்கள் சொல்ல வருவது ஒன்றுதான்: 'அல்கஹோல் இல்லை' என்ற எழுத்து, 'தோலுக்கு ஒன்றும் செய்யாது' என்ற உத்தரவாதம் இல்லை. இரண்டும் வேறு வேறு கேள்வி.

அதே நேரம் நியாயமாகவும் இருக்க வேண்டும். அத்தர் பூசிய இடம் கழுத்தில் சிவந்தால், கிளைகோலை விட வாசனைப் பொருளே காரணமாக இருக்க வாய்ப்பு மிக அதிகம். வாசனைப் பொருட்கள் உலகத்தில் அடிக்கடி ஒவ்வாமை தருகிற பொருட்களில் ஒன்று. அத்தரைத் தோலில் பூசாமல் உடுப்பில் பூசினால் பாதிப் பிரச்சினை தீரும்.

கொரோனா காலத்துக் கதையும் ஒன்று. சானிடைசரால் கை எரிந்தவர்கள் பலர் உண்டு. உலக சுகாதார நிறுவனம் உள்ளூரில் செய்வதற்கு வெளியிட்ட கைகழுவல் திரவத்தின் கலவையைப் பார்த்தால், எதனோல் 80 வீதம், கிளிசரின் 1.45 வீதம், ஐதரசன் பரவொட்சைட்டு 0.125 வீதம். ஈரப்பதத்துக்கு அவர்கள் தெரிவு செய்தது கிளைகோலை அல்ல, கிளிசரினை. கிளிசரினுக்கு ஒவ்வாமை வருவது மிக அரிது. கிளைகோல் ஒத்துவராதவர்கள் சானிடைசரோ கைக் கிறீமோ வாங்கும்போது இதை ஞாபகம் வைத்திருக்கலாம்.

பாணி மருந்துச் செய்தியோடு குழப்ப வேண்டாம்

"கிளைகோல் என்றால் பிள்ளைகள் செத்ததே, அதுவா?" என்று பாடசாலையில் ஒரு பெற்றார் கேட்டார். நல்ல கேள்வி.

2025இல் இந்தியாவின் மத்தியப் பிரதேசம், சிந்துவாரா மாவட்டத்தில் இருமல் பாணி குடித்த சின்னப் பிள்ளைகள் இருபதுக்கும் மேற்பட்டோர் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். அந்தக் 'கோல்ட்ரிஃப்' பாணி செய்யப்பட்டது தமிழ்நாட்டின் காஞ்சிபுரம் மாவட்டத்தில். தமிழ்நாட்டு அரசின் பரிசோதனையில் அதில் டைஎதிலீன் கிளைகோல் 48.6 வீதம் இருந்தது. அனுமதி 0.1 வீதம் மட்டும். 2022இல் காம்பியாவிலும் இதே மாதிரிப் பிள்ளைகள் இறந்தார்கள். 1937இல் அமெரிக்காவில் ஒரு பாணி மருந்தை டைஎதிலீன் கிளைகோலில் கரைத்து விற்று நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் 1938இல் அங்கே மருந்துச் சட்டத்தை இறுக்கினார்கள். கிட்டத்தட்ட தொண்ணூறு வருடத்துக்குப் பிறகும் அதே பிழை.

அது நஞ்சு கலந்த கதை. நல்ல தரமான கிளைகோல் இருக்க வேண்டிய இடத்தில் நஞ்சுக் கிளைகோல் வந்தது. எங்கள் உம்மாவின் கதை அது இல்லை. இது சரியான பொருள், சரியான அளவில் இருந்தும் ஒருவருடைய தோல் ஏற்காத கதை. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பினால், தேவையான மருந்தைக்கூடப் பயந்து விட்டுவிடுவோம். ஆனால் ஒரு பாடம் இரண்டுக்கும் பொது: போத்தலுக்குள் என்ன இருக்கிறது என்று கேட்பது எங்கள் உரிமை. எங்கள் நாட்டில் மருந்துகளைப் பார்ப்பதற்கென்று 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபை இருக்கிறது. பெயர் தெரியாத ஆட்களிடம், லேபல் இல்லாத டப்பியில் வருகிற கிறீமுக்கு யாரும் பொறுப்பில்லை.

கராஜில் வேலை செய்கிற தம்பிமாருக்கும் ஒரு சொல். கூலன்டைச் சோடாப் போத்தலில் ஊற்றி வீட்டுக்குக் கொண்டு வராதீங்கோ. அது இனிக்கும், நிறமும் வடிவாக இருக்கும். பிள்ளை எடுத்துக் குடிக்கும்.

என்ன செய்யலாம்?

எங்களுக்குப் பயன்பட்டதை வரிசையாக எழுதுகிறோம்.

1. பூசியதை எல்லாம் ஒரு பையில் போட்டு வையுங்கோ. வெறும் டியூப், சவர்க்கார உறை, எண்ணெய்ப் போத்தல், ஷாம்பு, அத்தர், எல்லாம். டொக்டரிடம் போகும்போது அந்தப் பையோடு போங்கோ. பெயர் சொல்லிக் கேட்பதை விட அந்தப் பை அதிகம் பேசும்.

2. லேபலில் 'புரொப்பிலீன் கிளைகோல்' என்ற இரண்டு சொல் இருக்கிறதா என்று பாருங்கோ. சிலவற்றில் 'புரொப்பேன்-1,2-டையோல்' என்றும், உணவில் 'ஈ 1520' என்றும் இருக்கும். எழுத்துச் சின்னது. தொலைபேசியில் படம் எடுத்துப் பெருப்பித்துப் பாருங்கோ. அழகுசாதனங்களில் கூட உள்ளது முதலிலும் குறைய உள்ளது பின்னாலும் வரும்.

3. மருந்து டியூப்பில் இது எழுதியிராமல் போகலாம். மருந்தின் பெயரும் வீதமும் போட்டு, மிச்சத்தை 'கிறீம் பேஸ்' என்று முடித்துவிடுகிற டியூப்புகள் நிறைய. அப்போது பாமசியில் கேளுங்கோ, உள்ளே மடித்து வைத்திருக்கிற துண்டுத்தாளைப் பாருங்கோ.

4. கிறீம் ஒத்துவரவில்லை என்றால், அதே மருந்து ஒயின்ட்மென்டாக இருக்கிறதா என்று டொக்டரிடம் கேளுங்கோ. ஒயின்ட்மென்டுகளில் பலவற்றில் கிளைகோல் இல்லை. எல்லாவற்றிலும் இல்லை என்று நினைத்துவிடக்கூடாது, பார்த்துத்தான் வாங்க வேண்டும். சாதாரண வெள்ளை வஸ்லினில் அது இல்லை, மலிவும் கூட.

5. புதுக் கிறீம் வாங்கினால் நேரே நோயில் பூசாமல், முன்கையின் உள்பக்கத்தில் ஒரு ரூபாய்க் காசளவு இடத்தில் நாளுக்கு இரண்டு தரம், ஒரு கிழமை பூசிப் பாருங்கோ. கழுவாமல் விடுகிற பொருட்களுக்கு மட்டும் இது. சவர்க்காரம், ஷாம்புவை இப்படிச் சோதிக்கக்கூடாது, அது யாருக்கும் எரியும். முதல் நாள் ஒன்றும் வராவிட்டால் விட்டுவிடாதீங்கோ, ஒவ்வாமை பிந்தித்தான் வரும்.

6. எழுதித் தந்த மருந்தை இந்தப் பதிவை வாசித்துவிட்டு நீங்களே நிறுத்தாதீங்கோ. கேட்டு மாற்றுங்கோ. யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில் தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது. கடிதம் எடுத்துக்கொண்டு போகலாம்.

7. எல்லாக் கடிக்கும் கிளைகோல் காரணம் இல்லை. காதணியின் நிக்கல், சீமெந்தில் உள்ள குரோமேற்று, ரப்பர்க் கையுறை, கறுப்பு மருதாணியில் கலக்கிற தலைமைச் சாயம், உள்ளி உரிக்கிற விரல், இவையெல்லாம் கூட வழமையான காரணங்கள். அதோடு படர்தாமரையும் சிரங்கும் தொற்றுகிற நோய்கள், அவற்றுக்கு மருந்து வேறு. அதனால்தான் பார்த்துச் சொல்ல ஒரு டொக்டர் தேவை.

8. கிளைகோல் என்று உறுதியானவர்கள் ஸ்கேன் எடுக்கும்போது முன்கூட்டியே சொல்லுங்கோ. பியூட்டிலீன், ஹெக்ஸிலீன் போன்ற சொந்தக்காரக் கிளைகோல்களும் சிலருக்கு ஒத்துவராது. எல்லோருக்கும் இல்லை. சோதனை செய்தவரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கோ.

லேபலை வாசிக்க வெட்கப்பட வேண்டாம். ஆங்கிலம் தெரியாது என்று பாமசியில் கேட்காமல் வருகிற தாய்மார் எத்தனை பேர். நாங்கள் இருக்கிற ஊரை நினைத்துப் பாருங்கோ. 1847இல் வட்டுக்கோட்டைக்கு வந்து, பிறகு மானிப்பாயில் இருந்து, தமிழிலேயே மருத்துவம் படிப்பித்தவர் டொக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன். 1875இல் 'கெமிஸ்தம்' என்று இரசாயன நூலே அவரால் தமிழில் வந்தது. 150 வருடத்துக்கு முன் இரசாயனத்தைத் தமிழில் படித்த மண் இது. இன்று ஒரு டியூப்புக்குள் என்ன இருக்கிறது என்று தமிழில் கேட்பது பெரிய காரியமா? கேளுங்கோ. பதில் வரும்வரை நில்லுங்கோ. முடியாவிட்டால் படம் எடுத்து எங்களுக்கு அனுப்புங்கோ, பாடசாலை முடிந்த பிறகு வாசித்துச் சொல்கிறோம். மருந்து சொல்ல மாட்டோம், எழுத்தை வாசித்துத் தருவோம்.

இப்போது உம்மாவின் கை எப்படி என்று கேட்டால், அல்ஹம்துலில்லாஹ், நல்லம். கிளைகோல் இல்லாத ஒயின்ட்மென்டுக்கு மாறி ஆறு கிழமையில் கொப்புளம் நின்றது. மூன்று மாதத்தில் தோல் மூடியது. வாடைக்காற்றுக்கு இன்னும் காயும், அப்போது வஸ்லின். பாத்திரம் கழுவும்போது பருத்திக் கையுறை போட்டு அதற்கு மேல் பிளாஸ்ரிக் கையுறை. ஒவ்வாமை மட்டும் போகாது, அது உடம்பின் ஞாபகத்தில் நிற்கும் என்றார்கள். அதனால் கிளைகோலின் பெயரை ஒரு மட்டையில் எழுதி, லேமினேட் பண்ணி, உம்மாவின் கைப்பைக்குள் வைத்திருக்கிறோம். பாமசியில் அதை எடுத்து நீட்டுவா. இறாலும் சாப்பிடுகிறா!

கடைசியாக ஒன்று. இதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினோம் என்றும் வைத்துக்கொள்ளலாம்.

இந்த மாதிரிச் சொறி தொற்றாது. கை கொடுத்தால் தொற்றாது, ஒரே கோப்பையில் குடித்தால் தொற்றாது, அந்தக் கையால் குழைத்த மாவில் அவித்த இடியப்பத்தைச் சாப்பிட்டால் தொற்றாது. வெடித்த காயத்தோடு சாப்பாடு செய்யாமல் கையுறை போடச் சொல்வது சுத்தம், அது நியாயம். உம்மாவும் போட்டா. ஆனால் ஒரு மனுசியைக் கதிரையில் இருத்தித் தேத்தண்ணி கொடுத்து வேலையிலிருந்து விலக்குவது சுத்தம் இல்லை. தெரியாததால் வருகிற பயம் அது. தெரிந்துகொண்டால் போய்விடும் என்றுதான் நம்புகிறோம்.

எல்லா வீடும் நிறுத்திய நாட்களில் பக்கத்து வீட்டு அக்கா ஒருவர் மட்டும் ஒரு நாளும் நிறுத்தவில்லை. சைவக்காரர். காலையில் வேலியால் பாத்திரத்தை நீட்டி, "இருவது இடியப்பம் அக்கா, சம்பல் கூட வையுங்கோ" என்பார். அவரிடம் ஒரு மருந்தும் இருக்கவில்லை, கிளைகோலும் தெரியாது. ஆனால் அந்த வருடங்களில் உம்மா விடிய எழும்பியது அந்தப் பாத்திரத்துக்காகத்தான். அல்லாஹ் அவருக்கு நிறைந்த சுகத்தைக் கொடுக்கட்டும்.

உங்கள் தெருவிலும் இப்படி ஒரு கை இருக்கும். மேசன் வேலை செய்கிற அண்ணை, சலூன் தம்பி, வைத்தியசாலையில் துப்புரவு செய்கிற அக்கா, உடுப்புத் தோய்க்கிற அம்மா. அவர்களுக்கு இதை எத்திவையுங்கோ. வாசிக்கத் தெரியாதவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கோ. பூசப் பூசக் கடி கூடினால், பூசுகிற பொருளையும் ஒரு தரம் சந்தேகப்படச் சொல்லுங்கோ.

நோயாளிகள் எல்லோருக்கும் இறைவன் சுகம் தரட்டும்.